பாறைமேல் பாதை இல்லை என்றார்கள்

என்னை முதன்முதலில் நடுரோட்டில் நிறுத்தியவர் ஒரு ஆட்டோக்காரர். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. கொடும்பாளூர் ரோட்டில் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக நான் ஓடிக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தவர், "ஏறுங்கக்கா, எந்த ஆஸ்பத்திரி?" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். நம்பவில்லை. "காசெல்லாம் வேணாங்கக்கா, மொதல்ல ஏறுங்க" என்று கெஞ்சினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆட்டோவை முறுக்கிக்கொண்டு போனவர்தான். என் நோய் எந்த வகை என்று அப்போது முடிவு செய்திருப்பார்.

எங்கள் பக்கம் நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். கண்மாய்க் கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "வீட்டுல சண்டையா தாயி? ஒம் பொறந்த ஊரு இங்கிட்டு இல்ல, அங்கிட்டு" என்று வேப்பங்குச்சியால் திசை காட்டினார். டீக்கடை வாசலில் ஒருவர், "போலீசு செலக்‌ஷன் முடிஞ்சு போச்சுங்களே, அடுத்த வருசம் வாங்க" என்றார். எனக்குக் கோபம் வருவதில்லை. இந்தப் பேச்சையெல்லாம் என் தையல் கடைக்குப் போனதும் அளவு நோட்டில் குறித்து வைத்துவிடுவேன். முன்பக்கம் பிளவுஸ் அளவுகள், பின்பக்கம் ஊர்ப் பேச்சு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தையலை நானாகத்தான் பிரித்துப் பார்த்துப் படித்தேன், எழுத்தும் அப்படித்தான்.

குவைத்தில் இருக்கிற வீட்டுக்காரருக்கும் சேதி போய்விட்டது. "ஊர்ல என்னென்னமோ சொல்றாங்களாமே?" என்றார் போனில்.

"சொல்றாங்க. நானும் கேட்டுக்கிட்டேதான் ஓடுறேன்."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கால் வலிக்கு ஒரு தைலம் மட்டும் அனுப்பி வைத்தார்.

நான் ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு மினி பஸ். துணிக்கட்டோடு நிறுத்தத்துக்கு வரும்போது பஸ் கிளம்பிவிட்டது. அங்கே ஒரு பெரிய மொட்டைப் பாறை இருக்கிறது, யானை படுத்த மாதிரி. ரோடு அதைச் சுற்றிக்கொண்டு போகும். நான் பாறைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கி ஓடினேன். அடுத்த நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றபோது நான் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, ஒங்களுக்கு ரெட்டைப் பிறவி யாரும் இருக்காங்களா?" என்றார். அன்றைக்கு முழுக்க மிஷினை மிதிக்கும்போதெல்லாம் காலுக்குள் அந்த ஓட்டம் இருந்தது. மறுநாள் துணிக்கட்டு இல்லாமல் ஓடிப் பார்த்தேன்.

மூன்று வருடத்தில் அந்தக் குறுக்குவழி ஒரு நீண்ட தடமாக வளர்ந்தது. ஊரை விட்டு இறங்கினால் செம்மண். கண்மாய்க் கரையில் ஏறி மறுபக்கம் இறங்கினால் தைலமரக் காடு. சருகு வழுக்கும். காடு முடிகிற இடத்தில் சிவந்து சொரசொரவென்று கிடக்கிற செம்புறாங்கல் மேடு, அதில் கல்வட்டங்கள். செத்தவர்களைத் தாழிக்குள் வைத்து மண்ணில் இறக்கி, சுற்றிலும் கல் நட்டிருக்கிறார்கள். எந்தக் காலத்துச் சனங்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அங்கே மட்டும் நான் வேகத்தைக் குறைப்பேன். பயமெல்லாம் இல்லை, கல் தடுக்கும். அப்புறம் பாறை. பாறையின் அந்தப் பக்கம் முப்பது வீடு இருக்கிற ஒரு குடியிருப்பு. அதைத் தாண்டி வயல் வரப்புகள் வழியாகப் போனால் கொடும்பாளூர். மூவர் கோயில் என்று பேர், நிற்பது இரண்டு. மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம். அதன் எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வருவேன். மேடும் பள்ளமுமாக அவ்வளவு தூரம் வந்த கால் அங்கே நடுங்குவது எனக்குப் பிடிக்கும்.

என் கடையில் தைக்கிற இரண்டு பெண்கள், "ஞாயித்துக்கெழம நாங்களும் வர்றோம்க்கா" என்றார்கள். ஒருத்தி வேகமானவள், இன்னொருத்தி பின்தங்குவாள். தைலமரக் காட்டில் யாரும் வழி தவறிவிடக் கூடாதே என்று சனிக்கிழமையே நான் தனியாகப் போனேன். கபடிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளை ஒரு பை நிறைய எடுத்துப் போய், திரும்புகிற இடத்திலெல்லாம் அம்புக்குறி போட்டேன். பாறைமேல் தூள் நிற்காது என்று தண்ணீரில் குழைத்து, பெரிது பெரிதாக ஏழு அம்பு. தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஓடினோம். காட்டுக்குள் அம்பு இருந்தது, மேட்டிலும் இருந்தது. பாறையில் பார்த்த வரைக்கும் ஒன்றுகூட இல்லை. சாணியைக் கரைத்து ஊற்றி விளக்குமாற்றால் தேய்த்திருந்தார்கள். உச்சியில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் தொரட்டிக் கம்போடு ஒரு அக்கா. ஆடு மேய்ப்பவர். நான் ஓடும்போது தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

"எந்தக் கம்பெனி?" என்றார்.

"தையல் கடைங்க."

"நக்கல் பண்ணாத. கோடு போட்டது யாரு?"

"நான்தான். ஓடுறதுக்காக."

"யாரு ஓடுறதுக்காக? நாங்களா?"

பின்னாலிருந்த இரண்டு பேரும் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. ஆட்டோக்காரரில் ஆரம்பித்து எத்தனை பேர் நிறுத்தியிருப்பார்கள்! "இது பொதுப் பாதை. மூணு வருசமா ஓடுறேன். யார் சொன்னாலும் நிக்க மாட்டேன்" என்று கத்தினேன்.

"ஒன்ன ஓட வேணாம்னு எவ சொன்னா?" என்று அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "நீ ஓடுறதப் பாத்துத்தான் இந்தா இவ அடுப்பப் பத்த வைக்கிறா. மூணு வருசமா ஓடுறவளுக்கு வழி தெரியாதா? அம்பு எதுக்கு?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் தொரட்டியை வடக்கே நீட்டினார். "அங்கிட்டுப் பாரு."

அங்கே ஒரு கரடு இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கிய பெரிய கல்குவாரிப் பள்ளம்.

"மொத நாளு ஒருத்தன் வந்து வெள்ளையா அம்பு போட்டுட்டுப் போனான். ஏதோ திருவிழாவுக்குன்னு நெனச்சோம். அப்பறம் கம்பி நட்டான். அப்பறம் வெடி. இதையும் எடுக்கப் போறதாப் பேச்சு அடிபடுது. இதுவும் போச்சுன்னா நெல்ல எங்க காயப்போடுறது, ஒங் கடையிலயா?"

சர்வே கல்லிலும் அம்புக்குறிதான் வெட்டியிருக்கும். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு இந்தப் பாறை நெல்லும் மிளகாயும் காய்கிற களம். கோடையில் ஆடும் ஆளும் குடிக்கிற சுனை அதன் இடுக்கில்தான் இருக்கிறது. நானோ அது எனக்காகப் படுத்துக் கிடக்கிறது என்று நினைத்து ஓடியிருக்கிறேன். சரிவில் அவர்கள் கண்ணில் படாமல் ஒரு அம்பு மிச்சம் இருந்தது. போய் உட்கார்ந்து துப்பட்டாவை நனைத்துத் துடைத்தேன்.

"அப்ப நான் ஓடலாமா?" என்றேன் எழுந்து.

"ஓடு. எம் பாறையில எவளும் எவனும் ஒரு கோடு போடக் கூடாது, அம்புட்டுத்தான். வழி தப்புனா நாங்க சத்தம் கொடுக்கிறோம்."

அன்றைக்கு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார், பிளவுஸ் தைக்க என்று. ஆனால் சில வாரம் கழித்து வந்த அழைப்பு பிளவுஸுக்கு இல்லை.

"ஏம்மா, முக்காலியத் தூக்கிக்கிட்டு நாலு பேரு வந்திருக்கானுக. வாரியா?"

கடையைச் சாத்தினோம். மூன்று பேரும் தைலமரக் காட்டுக்குள் அவ்வளவு வேகமாக அதற்கு முன் ஓடியதில்லை. பாறை உச்சியில் முக்காலிமேல் அளக்கிற கருவி நின்றது. எதிர்ச்சரிவில் ஒருவர் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கருவிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். பாறை தரிசு என்று பதிவாகியிருக்கிறதாம், யாரும் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கை இருக்கிறதாம்.

"இதுமேல பாதை இருக்குங்களே சார்" என்றேன்.

அவர் படத்தை விரித்துக் காட்டினார். "வரைபடத்துல இங்க பாதையே இல்லைங்கம்மா."

ஆட்டுக்காரக்கா எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், என் ஷூவைப் பார்த்தார். "அப்ப இவ மூணு வருசமா எதுமேல ஓடுறா?"

கருவிக்காரர் படத்தை மடிப்பதற்குள் நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். யோசித்துச் செய்ததில்லை. கால் பழகிய இடம், கால் போனது. கருவிக்கும் கோலுக்கும் நடுவில் குறுக்கே ஓடி, சரிவில் இறங்கி, திரும்பி ஏறினேன். ஏறி வரும்போது பார்த்தால் என் இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் குடியிருப்புப் பெண்கள் அத்தனை பேரும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆட்டுக்காரக்கா. அவருக்குப் பின்னால் ஆடுகள்.

"கொஞ்சம் வெலகுங்கம்மா, மறைக்குது" என்றார் கருவிக்காரர்.

"வெலகிட்டோம் சார்" என்று கடந்து போனவர்கள் அரை நிமிடத்தில் திரும்பி வந்தார்கள்.

"எதுக்கும்மா ஓடுறீங்க?"

"சுகருங்க சார். டாக்டர் சொல்லியிருக்காரு."

"எல்லாருக்குமா?"

"ஆட்டுக்கும் சேத்துத்தான்."

கோல் பிடித்தவர் சிரித்துவிட்டார், கோல் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார், நாங்கள் மறுபடி குறுக்கே வந்தோம். வெயில் ஏறியது. பாறை சுட ஆரம்பித்தது. எனக்கு ஷூ இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. சுனைத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு தடத்தில் ஊற்றி ஊற்றி ஓடினார்கள். ஈரம் காய்வதற்குள் அடுத்த சுற்று. மூச்சு வாங்கியவர்கள் ஓரமாக உட்கார்ந்தார்கள், உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா ஓடுவீங்க?" என்றார் கருவிக்காரர் கடைசியில், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

"நீங்க எவ்வளவு நேரம் சார் அளப்பீங்க?" என்றார் ஆட்டுக்காரக்கா.

முக்காலியை மடக்கினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று யாரும் குதிக்கவில்லை, ஏனென்றால் போகும்போது அவர், "மறுபடி வரத்தான் செய்வோம்மா, எங்களுக்கும் மேல ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். திங்கட்கிழமை புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தோம். பாறையில் பாதை இருக்கிறது, களம் இருக்கிறது, சுனை இருக்கிறது, வந்து பாருங்கள் என்று நான்தான் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று தினமும் ஓடுகிறோம். முன்பு நான் ஒருத்தி, இப்போது சில நாள் பதினைந்து பேர். கருவியோடு எப்போது வந்தாலும் பாறைமேல் ஆள் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் பார்ப்பார்கள்.

அன்றைய வெயிலில் ஆட்டுக்காரக்காவுக்கு உள்ளங்காலில் கொப்புளம் போட்டுவிட்டது. கீரனூர்க் கடையில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதெல்லாம் எதுக்கு என்று திட்டிக்கொண்டேதான் போட்டார். பாறையில் நாலடி நடந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"கடிக்குதுடி."

"கழட்டிருங்கக்கா, வேற மாத்திரலாம்."

"கெடக்கட்டும்" என்றார், ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே. "அவனுக வர்றதுக்குள்ள பழகிரும்."