எனக்குப் பின்னால் யாரும் குடிக்காத பாத்திரம்

சபையாரே, என்னை உயிரோடு வைத்திருக்கிற ஆண்டவரை முதலில் துதிக்கிறேன். உங்களைப் பற்றி அப்புறம் பேசுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைக்கிறேன். என் கணவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவருக்குத் தெரியும், என்னிடம் சொல்லவில்லை. கூட வேலை செய்த ஒருவருக்கு இந்த நோய் என்றதும் டீ கிளாஸைத் தனியாக வைத்த கூத்தைப் பார்த்தவர் அவர். அந்தப் பயத்தில் மாத்திரை வாங்கவும் போகாமல் செத்தார். எனக்கும் கொடுத்துவிட்டுச் செத்தார்.

விஷயம் வெளியே வந்ததும் நம் சபையாருக்கு ஞானம் பொங்கி வழிந்தது. திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே பாத்திரம் அல்லவா? அதனால் நான் கடைசியில்தான் வர வேண்டுமாம். எச்சிலில் இது பரவாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சபை மூப்பர் சிரித்தார்.

“டாக்டர் இன்னா வேணா சொல்வாரும்மா. ஜனங்களுக்கு பேஜாரா இருக்குல்ல?”

இரட்சிப்பின் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் உதட்டுக்குப் பயந்த விசுவாச வீரர்கள்! அன்று சாவு கேட்டு ஜெபித்தேன்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு எஸ்தரும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறேன். அப்போது அவள் கர்ப்பிணி. புருஷன் மேல் அவளுக்குச் சந்தேகம். ஆனாலும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகவில்லை.

“இருக்குன்னு தெரிஞ்சா என்னையும் கடசீல நிக்க வெச்சிடுவாங்கக்கா. நான் வர்ல.”

மாத்திரை ஆரம்பித்தால் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றலாம். உங்கள் வரிசைக்குப் பயந்து அவள் பிள்ளையைப் பணயம் வைத்தாள். கேளுங்கள், இந்தக் கிருமி என் எச்சிலில் பரவவில்லை. உங்கள் வாய்க்குப் பயந்து ஒளிகிறவர்களிடம்தான் பரவுகிறது.

எனக்காக ஜெபிப்பதை நிறுத்தினேன். மதியச் சாப்பாட்டை விட்டு அவளுக்காக ஜெபித்தேன். “ஆண்டவரே, இவள் பயத்தை எடுத்துவிடும்” என்று கெஞ்சினேன். ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு என் வாசலில் நின்றாள்.

“வாக்கா, வேலூருக்குப் போய்ட்டு வந்துடலாம்.”

அவளுக்கும் நோய் இருந்தது. அன்றே மாத்திரை கொடுத்தார்கள். பையன் பிறந்தான். கடைசிப் பரிசோதனை வரை காத்திருந்தோம். அவனுக்கு ஒன்றுமில்லை! பஸ் என்றும் பார்க்காமல் இருவரும் அழுதோம். ஸ்தோத்திரம் ஆண்டவரே!

போன திருவிருந்தில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு எஸ்தர் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் குடித்த பாத்திரத்திலேயே குடித்தாள்.

உங்கள் ஆமென் எனக்கு வேண்டாம். ஆண்டவரை நம்புங்கள், பரிசோதனைக்குப் போங்கள். அடுத்த முறை நாங்கள் முதலில் நிற்போம். விசுவாசம் இருக்கிறவர்கள் எங்களுக்குப் பின்னால் வந்து குடியுங்கள்.