வளர்மதி வெட்டிய பெயர்

உத்திரமேரூர் கடைத்தெருவில் சனாவுல்லா பாய் கடையில் பாத்திரம் வாங்கியவர்கள் யாரும் வளர்மதியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பேனா மாதிரி இருக்கிற கரண்ட் மெஷினைப் பிடித்துக்கொண்டு, "இன்னா பேரு போடணும்? இனிஷியல் இன்னா?" என்று கேட்பவள் அவள்தான். பதில் சொன்னதும் டர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் பார்த்தால் சொம்பின் கழுத்தில் பெயர் ஏறியிருக்கும். கல்யாணச் சீர், புதுமனை, காது குத்து, எதுவாக இருந்தாலும் அவள் கைதான். ஊரில் பாதிச் சமையலறைகளில் அவள் கையெழுத்துதான் கவிழ்ந்து கிடக்கிறது.

அவள் குடியிருக்கும் ஏரிக்கரைத் தெருவில் பாத்திரம் ஒரு வீட்டில் தங்காது. குழம்பு கொண்டுபோன கிண்ணம் ஒரு வீட்டில், பால் வாங்கப் போன சொம்பு இன்னொரு வீட்டில் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பெயரைப் படித்து உரியவரைக் கூப்பிடுவது எதிர்வீட்டு எல்லம்மாளின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளே எடுத்துக்கொண்டது. "அடியே சுரையா, உன் பொண்ணு தட்டு எங்க வூட்ல கீது, வந்து எடுத்துக்கினு போடீ!" என்று அவள் போடும் சத்தம் ஏரி மதகு வரைக்கும் கேட்கும்.

அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் வளர்மதி கைவேலையை விட்டுவிட்டுக் காது கொடுப்பாள். 'உன் பொண்ணு தட்டு' என்று தன்னை யாரும் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஆஸ்பத்திரி, கோயில், நாட்டு மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. ஊரில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் பெயர் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறு உண்டா என்று சில நாள் மெஷினைத் தூக்கிப் போட்டுவிடலாம் போல இருக்கும். போடமாட்டாள். அடுத்த சொம்பை எடுப்பாள்.

அவள் புருஷன் சுகுமார் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் நெல் மூட்டை ஏற்றி ஓட்டுகிறவன். அதிகம் பேசாதவன். ஒருநாள் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் லோடு இறக்கப் போனவன், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நீட்டினான்.

"வளரு, நாம ஒரு புள்ளைய தத்து எடுத்துக்கலாமா? கவர்மெண்ட் மூலமா, சட்டப்படியே."

வளர்மதி கொஞ்ச நேரம் அந்தப் போட்டோவையே பார்த்தாள். பிறகு அழுதாள். பிறகு கோபம் வந்தது.

"இத்த கேக்க இத்தினி வருஷமாய்யா உனக்கு?"

மறுநாளே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். சர்டிபிகேட் எல்லாம் கொடுத்து முடித்ததும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆல்பர்ட் என்ற அதிகாரி வருவார், வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவார், அதை வைத்துத்தான் எல்லாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இதை வளர்மதி எல்லம்மாளிடம் மட்டும்தான் சொன்னாள். எல்லம்மாளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

தெரு அதைப் பெண் பார்க்க வருகிற விசேஷமாகவே எடுத்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறபோது பக்கத்து வீட்டுச் சேரை இரவல் வாங்கிப் போடுவதில்லையா, அதுபோல.

"ஆபீசரு வந்து உக்கார ஒரு சோபாகூட இல்லாத வூட்டுக்குப் புள்ளைய குடுப்பாங்களாடீ?" என்று எல்லம்மாள் தன் மகன் வாங்கின சோபாவை ஆள் வைத்துத் தூக்கி வந்தாள். சுரையா தன் மகள் சபாவின் மூன்று சக்கர சைக்கிளைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தினாள். "குழந்த வந்தா வெளையாட ரெடியா கீதுன்னு தெரியணும்க்கா." வளர்மதியின் டம்ளர்கள் எல்லாம் நசுங்கிப் போனவை. அவற்றைப் பரண் மேல் ஒளித்துவிட்டு, ஆளுக்கொன்றாகப் பளபளவென்று டம்ளரும் தட்டும் வந்து இறங்கின. வளர்மதி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயம். பன்னிரண்டு வருஷத்துப் பயம் சும்மா விடுமா?

ஆல்பர்ட் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சோபாவில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தவர் டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். 'எல்லம்மாள்' என்று இருந்தது. காபி வந்தது. அந்த டம்ளரில் 'மு. சபா, காது குத்து'. மிக்சர் தட்டை எடுத்தார். அதில் 'தாண்டவராயன், புதுமனை புகுவிழா'.

"உங்க பேர் வளர்மதிதானே?" என்றார் ஆல்பர்ட். "இந்த வீட்ல மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?"

அப்போதுதான் வளர்மதி அந்த டம்ளர்களைப் பார்த்தாள். அத்தனை பெயரும் அவள் வெட்டியவை. காலையிலிருந்து சாயந்திரம் வரை பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவளுக்கு, பாத்திரத்தில் பெயர் இருக்கும் என்பது மறந்துபோயிருக்கிறது! வேறு யாருக்காவது இப்படி ஒரு கூறுகெட்டத்தனம் வருமா?

அவள் வாயைத் திறப்பதற்குள் நாலு வயது சபா வாசல்படி தாண்டி ஓடி வந்தாள். "ஏய், இது என் சைக்கிளு!" என்று ஒரு கத்தல். ஏறி உட்கார்ந்து, ஆபீசரின் காலை இடித்துக்கொண்டு, ஓட்டிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

சுகுமார் தலையைக் குனிந்துகொண்டான். வளர்மதி எழுந்து நின்றாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். இந்த சோபா எங்களுது இல்ல. டம்ளரு எங்களுது இல்ல. மிக்சர் வெச்ச தட்டுகூட எங்களுது இல்ல. எங்க டம்ளரு நசுங்கிப் போய் பரண் மேல கீது. உங்ககிட்ட பொய் சொல்லி ஒரு புள்ளைய இந்த வூட்டுக்குக் கூட்டியாந்தா அந்தப் புள்ளைக்கு நான் எப்பிடி சார் மூஞ்சிய காட்டுவேன்?"

ஆல்பர்ட் அவளையே பார்த்தார். "இந்தப் பேரெல்லாம் யாரும்மா வெட்டினது?"

"நான்தான் சார்."

அவர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு நோட்டைத் திறந்து, "நீங்க கடைக்குப் போயிடுவீங்க, இவர் லோடுக்குப் போயிடுவார். ஒரு அவசரம்னா குழந்தைய யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டார்.

பதில் ஜன்னலிலிருந்து வந்தது. "அத்த இன்னாத்துக்கு சார் அவளாண்ட கேக்குற? நாங்க இத்தினி பேரு கீறோம்ல!" எல்லம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சுரையா, அவளுக்கும் பின்னால் யார் யாரோ.

ஆல்பர்ட் காபியைக் கீழே வைத்தார். "உங்க டம்ளர்ல ஒரு காபி குடுங்கம்மா."

பரணிலிருந்து நசுங்கிய டம்ளர் இறங்கியது. குடித்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை.

அதன்பிறகு காத்திருப்பு. முறைப்படி வரிசை வரவேண்டும், வருஷக்கணக்கில் ஆகும் என்று ஆபீசில் சொல்லத்தான் செய்தார்கள். வளர்மதி நம்பவில்லை. டம்ளர்தான் கெடுத்துவிட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். போன் அடித்தால் ஓடுவாள். லோன் வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். இரண்டு போகம் நெல் அறுவடையாகி, மறுபடி இரண்டு போகம் போயிற்று.

ஒரு மத்தியானம், அன்று மிக்சர் தட்டு கொடுத்த தாண்டவராயன் தன் மகள் கல்யாணத்துக்கு அண்டா வாங்க வந்திருந்தார். வளர்மதி அதில் பாதிப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மெஷினை நிறுத்தாமலே தோளில் வைத்துப் பேசினாள்.

"டம்ளர் வீட்டு அம்மாதானே? ஆல்பர்ட் பேசறேன். பெண் குழந்தை. ரெண்டரை வயசு. போட்டோ வந்திருக்கு, பாருங்க. ரெண்டு நாளைக்குள்ள சரின்னு…"

"ரெண்டு நாளு எதுக்கு சார்? சரி! சரி! சரின்னு போட்டுக்கோங்க சார்!"

மெஷின் வழுக்கி, தாண்டவராயனின் பெயர் அண்டாவின் மறுபக்கம் வரை கோடாக ஓடியது. தாண்டவராயன் அலறினார். சனாவுல்லா பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் போடாதீங்க, உங்களுக்கு வேற அண்டா தரேன்" என்றார். "இது எங்க வூட்டுக்கு. நல்ல சேதி வந்த அண்டா."

போட்டோவில் குழந்தை பாதி பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எடுத்தவரை முறைத்துக்கொண்டிருந்தது. அது வளர்ந்த குழந்தைகள் இல்லத்தில் அதற்கு அம்முலு என்று பெயர். வளர்மதி கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குக் காட்டினாள். கண்டக்டருக்கும் காட்டினாள்.

இல்லத்தில் போய்ப் பார்த்தபோது அம்முலு அவளிடம் வரவில்லை. நேராகச் சுகுமாரிடம் போய் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். பேசாத மனுஷன், "பாப்பா, டுர்ருன்னு போலாமா?" என்று கொஞ்ச, வளர்மதிக்குப் பொறாமையில் கண் கலங்கியது. திரும்பும்போதுதான் அம்முலு அவள் வளையலைத் தொட்டு, வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். போதுமே, அதற்குமேல் என்ன வேண்டும்?

அதிகாரிகள் கூடிப் பேசி, கையெழுத்தெல்லாம் வாங்கிக்கொண்டு குழந்தையை அனுப்பிவைத்தார்கள். ஆனால் கலெக்டர் உத்தரவு வந்தால்தான் சட்டப்படி மகள். அதுவரை வளர்ப்பில் கொடுத்திருப்பதாகத்தான் கணக்கு. வளர்மதி புது டம்ளர் வாங்கினாள், பெயர் வெட்டவில்லை. எல்லம்மாள் விடுவாளா?

"ஊருக்கெல்லாம் வெட்டற, வூட்ல கீற புள்ளைக்கு வெட்டுறதுக்கு இன்னாடீ கேடு?"

"கலெக்டரு கையெழுத்து போடட்டும்க்கா. அப்புறம் போடறேன் என் கையெழுத்தை."

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் பெயர் வெட்டி, அப்புறம் ஏதாவது ஆகி, குழந்தையைத் திரும்பக் கேட்டுவிட்டால்? அந்தப் பெயரில்லாத டம்ளர் ஒருநாள் தெருவில் எங்கோ கலந்து காணாமல் போனது. யாருடையது என்று தெரியாததால் யாரும் கூப்பிடவில்லை. வளர்மதி அன்று சாப்பிடவே இல்லை.

உத்தரவு வந்த அன்று காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று மூன்று முறை படித்தாள். தந்தை சுகுமார், தாய் வளர்மதி, மகள் அம்முலு. பஸ் ஏறி உத்திரமேரூரில் இறங்கினார்கள். வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்தபடியே கடைக்குள் நுழைந்து, சின்னதாக ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

சனாவுல்லா பாய் கல்லாவிலிருந்து குனிந்து, அவள் வழக்கமாகக் கேட்பதையே கேட்டார். "இன்னா பேரு போடணும்? இனிஷியல் இன்னா?"

"சு. அம்முலு, பாய்."

 ஆயிரக்கணக்கில் வெட்டின கைதான். இருந்தும் 'சு' ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"கோணலா கீது, வேற டம்ளர் எடுத்துக்கோம்மா."

"வேணாம் பாய். இதுவே இருக்கட்டும்."

அதற்கடுத்த வாரம், காலை நேரம். வளர்மதி மாவுக் கையோடு அடுப்பருகே நிற்கிறாள். அம்முலு தெருவில் எந்த வீட்டில் இருக்கிறாளோ! எதிர்வீட்டிலிருந்து அந்தக் குரல் கிளம்பியது.

"அடியே வளரு! உன் பொண்ணு டம்ளரு எங்க வூட்ல கீது, வந்து எடுத்துக்கினு போடீ!"

வளர்மதி அடுப்பை அணைத்தாள். நன்றாகத்தான் காதில் விழுந்தது. ஆனாலும் வாசலுக்கு வந்து, கேட்காதவள் மாதிரி கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா? காதுல விழல. இன்னொரு தபா சொல்லு!"