தங்கைக்குக் கொடுத்த பவர்

ஷர்மிளா எதற்கும் எதிர்த்துப் பேசமாட்டாள். "சரிண்ணே" என்பாள், அவ்வளவுதான். அவள் சரி என்று சொன்னால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது லாலாகுடா ரயில்வே காலனியில் அவளோடு வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அண்ணன் பூபாலனுக்கு மட்டும் தெரியாது.

பூபாலன் ஏ.எஸ்.ராவ் நகரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஜிம் வைத்திருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் ஜிம்மைக் காட்டுவான். அங்கே பாட்டு கிடையாது, அரட்டை கிடையாது, செருப்போடு உள்ளே வரக்கூடாது. பெண்கள் மாடிப்படியே ஏறக்கூடாது. அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஷர்மிளாகூடப் பேக்கரி வாசலில் நின்றுதான் குரல் கொடுப்பாள். பெண்கள் வந்தால் பையன்கள் எடை தூக்குவதை விட்டுவிட்டுக் கண்ணாடி பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவன் கட்சி. அவர்கள் ஏற்கெனவே கண்ணாடிதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவன் கண்ணில் படவில்லை.

2005-ஆம் ஆண்டு மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் பயிற்சியாளராக அவனுக்கு ஒரு வருட வேலை கிடைத்தது. போக ஆசை. ஜிம்மை விட்டுப் போகப் பயம். அவனிடம் வேலை பார்த்த ஜகதீசன், தன் பெயருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகும்படி சொன்னான். பூபாலனும் அப்படித்தான் செய்திருப்பான். ஆனால் மறுநாள் அவன் உள்ளே வந்தபோது, ஜகதீசன் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையில் எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிமிடமே பவர் தங்கைக்கு என்று முடிவாகிவிட்டது.

வக்கீல் ராகவேந்திரா பொறுமையான மனிதர். பவர் வாங்கியவர் போடும் கையெழுத்து கொடுத்தவரே போட்டதாக ஆகும், அதனால் எதற்கெல்லாம் அதிகாரம் என்று யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம், குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பது அவர் யோசனை. பூபாலன் யோசித்தான். உறுப்பினர் சேர்க்கலாம், சம்பளம் கொடுக்கலாம், கரண்ட் பில் கட்டலாம். மெஷின்களை விற்கக்கூடாது, கடன் வாங்கக்கூடாது. அவன் ஊரில் இல்லாத சமயத்தில்தான் வாடகை ஒப்பந்தம் முடிகிறது என்பதால், இடம் கைவிட்டுப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்யலாம் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னான். பாட்டு போடக்கூடாது என்பதைக்கூட எழுதச் சொன்னான். வக்கீல் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார்.

பெண்களைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. யானையை மாடிக்கு ஏற்றக்கூடாது என்று யாராவது பத்திரத்தில் எழுதுவார்களா?

"எல்லாம் புரிஞ்சுதா?" என்று தங்கையைக் கேட்டான்.

"சரிண்ணே" என்றாள் ஷர்மிளா.

அவள் கணவன் தேவசகாயம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். அவள் முன்பு காலனிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள், பிள்ளைகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். அண்ணன் விமானம் ஏறிய பிறகு, தினமும் பஸ் பிடித்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் பையன்கள், மாலையில் பையன்கள். நடுவில் நாள் முழுக்க ஜிம் ஈயடித்தது. மெஷின்கள் சும்மா நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை அரித்தது.

கட்டடத்தின் சொந்தக்காரர் ராஜகோபால், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி வேதவல்லி, கும்பகோணத்துக்காரர். மூட்டுவலிக்கு நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நடந்தால் தெருநாய்கள் துரத்தின. ஒருநாள் டீ குடிக்கக் கூப்பிட்ட வேதவல்லியிடம் ஷர்மிளா தன் கவலையைச் சொன்னாள்.

"மேல சைக்கிள் எல்லாம் பகல்ல சும்மாத்தான் நிக்குது ஆன்ட்டி. ஆனா அண்ணன் லேடீஸ விடமாட்டான். நான் என்ன செய்ய முடியும்? வீட்டுக்காரங்களே ஒரு கண்டிஷனா போட்டாத்தான் உண்டு. அதெல்லாம் அங்கிள் போடுவாரா?"

பிறகு பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டாள்.

வாழ்நாளில் யாருக்கும் எந்த நிபந்தனையும் போடாத ராஜகோபால், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளன்று ஒரு நிபந்தனையோடு வந்தார். பகல் பதினொன்றிலிருந்து ஒன்றுவரை பெண்களுக்கு. முடியாது என்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். ஷர்மிளா முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு பவர் பத்திரத்தை எடுத்து, அண்ணன் சேர்த்த வரியை அவர் முன்னாலேயே விரல் வைத்துப் படித்தாள். பெருமூச்சு விட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

ஜகதீசன் உடனே மஸ்கட்டுக்கு போன் போடுவதாகச் சொன்னான். பெண்கள் பிரிவுக்கு அவனைத் தலைமைப் பயிற்சியாளராகப் போட்டிருப்பதாக ஷர்மிளா சொன்னாள். அவன் போனைப் பையில் வைத்துவிட்டு, விசிட்டிங் கார்டு உண்டா என்று கேட்டான்.

முதல் வாரம் வேதவல்லியும் அவருடைய நாத்தனாரும் மட்டும்தான். பிறகு தெருவே வந்தது. சாஃப்ட்வேர் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கும் அனுபமா, தூங்கி எழுந்ததும் நேராக வந்துவிடுவாள். ஜகதீசனுக்குப் பெண்களைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, வேறு மாஸ்டர் கிடையாதா என்று அவள்தான் கேட்டாள். ஷர்மிளா மறுநாளே வாசலில் போர்டு வைத்தாள். மஸ்கட் மாஸ்டர் பூபாலன் திரும்பியதும் பெண்களுக்கு நேரடிப் பயிற்சி அளிப்பார். சேர்ந்த ஒவ்வொருத்திக்கும் அதையே எழுதி, "பூபாலனுக்காக, ஷர்மிளா" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். பாட்டு மட்டும் போடவில்லை. அண்ணன் எழுத்து மூலம் சொன்னதை அவள் மீறுவதில்லை. ஆகவே வேதவல்லியே பாடினார்.

வெள்ளிக்கிழமைகளில் பூபாலன் போன் செய்வான். ஒரு தடவை பெண்கள் சிரிப்பது கேட்டது. டி.வி. என்றாள். இன்னொரு தடவை யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணுவது கேட்டது.

"பேக்கரில பன் எண்றாங்கண்ணே."

வருடம் முடிந்தது. சொல்லாமல் வந்து நிற்க வேண்டும் என்று பூபாலன் பேகம்பேட்டை விமான நிலையத்திலிருந்து நேராக ஜிம்முக்கு வந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிக் கதவைத் தள்ளினான். மணி பதினொன்றரை. சைக்கிளில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த வேதவல்லி, தலையைத் தூக்காமலே ஷூவை வெளியே விடச் சொன்னார். பிறகுதான் யாரென்று பார்த்தார். மாஸ்டர் வந்துவிட்டார் என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நாளையிலிருந்தே வகுப்பா என்று அனுபமா கேட்டாள்.

பூபாலன் தங்கையைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனான்.

"லேடீஸ விடச் சொல்லி நான் எழுதலையே."

"விடக் கூடாதுன்னும் எழுதலையேண்ணே."

அவன் பெட்டியோடு வக்கீலிடம் போனான். பவரை இன்றே ரத்து செய்யலாம் என்றார் ராகவேந்திரா. ஆனால் இதுவரை அவள் போட்டதெல்லாம் உங்கள் கையெழுத்து, வாடகை ஒப்பந்தமும் அந்தப் பெண்களுக்குக் கொடுத்த வாக்கும் உங்களுடையவை என்றார். சொல்லும்போது சிரிக்காமல் இருக்க அவர் மிகவும் சிரமப்பட்டார். பூபாலன் அன்றே ரத்து செய்தான். ஷர்மிளா சாவியைக் கொடுத்துவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அவன் பெண்களுக்கு வகுப்பு எடுத்தான். பேசக்கூடாது என்று அதட்டினான். அனுபமா, சைக்கிள் மிதித்தபடியே அலுவலகத்துக்கு போன் பேசினாள். வேதவல்லி அவனுக்கு ரத்த அழுத்தம் உண்டா, என்ன சாப்பிடுகிறான், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று விசாரித்தார். இரண்டாம் நாள் ஒருத்தி தன் சித்தி மகளின் போட்டோவைக் கொண்டுவந்தாள். ஜகதீசன் அந்த நேரம் பார்த்துப் பேக்கரியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஷர்மிளா இருந்தவரை கேட்க வேண்டியதை அவளிடம் கேட்டு, சிரிக்க வேண்டியதை அவளோடு சிரித்து, நடுவில் உடற்பயிற்சியும் செய்தவர்கள் அவர்கள். இப்போது எல்லாம் அவன் தலையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூபாலன் லாலாகுடாவுக்குப் போனான். தேவசகாயம் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டான். ஷர்மிளா சோறும் மீன் குழம்பும் வைத்தாள். பாதிச் சாப்பாட்டில், பவரைத் திரும்ப எழுதித் தருவதாக பூபாலன் தட்டைப் பார்த்துச் சொன்னான்.

"பவர் நக்கோண்ணே, வேணாம். நீ குடுப்ப, கோவம் வந்தா புடுங்கிக்குவ. என்னைப் பங்காளியா சேர்த்துக்கோ."

அவன் மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் நான் டீச்சரா இருந்தவ, அவ்வளவுதான். போன வருஷம்தான் காலையில எழுந்ததும் போக ஒரு இடம் இருந்துச்சு" என்றாள். அவள் குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

பூபாலன், குழம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். பேப்பருக்குப் பின்னாலிருந்து தேவசகாயம், இருக்கிறது என்றான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கூட்டு வியாபார ஒப்பந்தம் கையெழுத்தானது. ராகவேந்திராவின் அறையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வேதவல்லி. மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறி வந்துவிட்டதை வக்கீலிடம் இரண்டு தடவை சொன்னார்.