கதிரைச் சீற்றிங்

செம்மணி வீதியில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. முதுகுக்குப் பின்னால் நல்லூர். என்னைத் தாண்டிப் போன ஒரு மோட்டார் சைக்கிள் நின்று, திரும்பி வந்தது.

"ஆர் நீ? பையோடை எங்கை போறாய்?"

"கொடிகாமத்துக்கு."

"பஸ் ஓடுதெல்லோ. ஏன் நடக்கிறாய்?"

நியாயமான கேள்வி. ஓர் ஆங்கிலச் சொல்லால் வேலை போய்விட்டது, கோபம் ஆறும்வரை நடக்கிறேன் என்றால் நம்புவாரா? "கால் நோகேல்லை, அதாலை" என்றேன். பையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். போய்விட்டார். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. எனக்கும்தான்... இந்த ஆள் எதற்காக எனக்கென்று திரும்பி வந்தார்?

என் வேலைகள் நிலைப்பதில்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். அதன்பின் கிடைத்த வேலை, கிடைத்த படுக்கை. கடைசியாகக் கிடைத்தது நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டில். பிள்ளைகள் இருக்கும் வாங்குகளை அடுக்க வேண்டும், கேற்றைத் திறக்க வேண்டும், அங்கேயே படுத்துக்கொள்ளலாம். மழை ஒழுகினால் ஒழுகாத பக்கத்துக்கு வாங்கை இழுக்கலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆங்கிலம் படிப்பித்த சேர்தான் ஒருவரையும் நம்பமாட்டார். பிள்ளைகள் சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள்? சிரிக்காவிட்டால்... என்ன திட்டம் போடுகிறார்கள்?

போன சனிக்கிழமை ஒரு போட்டி வைத்தார். பலகையில் ஏழு எழுத்துகள் — எஸ், ஈ, ஏ, ரி, ஐ, என், ஜி. இவற்றை வைத்து மிக நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். வெல்லும் பிள்ளைக்கு அவருடைய ஞாயிறு வகுப்பில் காலியாயிருந்த ஒரேயோர் இடம். ஓ.எல். பரீட்சை நெருங்குகிறது, அந்த வகுப்புக்கு அவ்வளவு அடிபிடி.

எழுதிப் போட்டுவிட்டு சேர் சாவகச்சேரி வகுப்புக்குப் புறப்பட்டார். "ஆரும் முடிச்சால் எனக்குக் கோல் எடு. பேரையும் சொல்லையும் மட்டும் சொல்லு. கதை அளக்காதை."

முதலில் கையைத் தூக்கியது தர்சி. கடைசி வாங்குப் பிள்ளை. தாய் சைக்கிளில் ஏற்றி வந்து, வகுப்பு முடியும்வரை கேற்றடியில் நிற்பார். அவள் சொல்லைச் சொன்னாள். நான் போன் எடுத்தேன்.

"சேர், தர்சி... சீற்றிங்."

மறுபக்கம் சேர் சட்டென்று போனை வைத்துவிட்டார். சந்தோஷமாக்கும் என்று நினைத்தேன்.

சாவகச்சேரி வகுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்து இறங்கினார். "தர்சி, எழும்பு! களவாய்ப் பாத்து எழுதுறவைக்கு இஞ்சை இடமில்லை. எடு போனை!"

"என்னட்டைப் போன் இல்லை, சேர்."

இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. எங்கே ஒளித்தாள்? கொம்பாஸ் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தார். தாய் ஓடி வந்தார்.

"சேர், என்ரை பிள்ளை அப்பிடிச் செய்யமாட்டாள்."

"உவன்தான் போன் எடுத்துச் சொன்னவன்!"

உவன் — நான். அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழும் காணாது.

அழுதுகொண்டிருந்த தர்சி சட்டென்று நிறுத்தினாள். "அண்ணை, போனிலை என்ன சொன்னனீங்கள்?"

"நீ சொன்னதைத்தான். தர்சி, சீற்றிங்."

கண்ணீரோடு சிரித்துவிட்டாள். "சேர்! அண்ணை சொன்னது கதிரைச் சீற்றிங். நீங்கள் விளங்கினது கள்ளச் சீற்றிங்!"

நம் வாய்க்கு இரண்டும் ஒன்றுதானே? கதிரையில் உட்கார வைப்பதும் சீற்றிங், ஏமாற்றுவதும் சீற்றிங். ஒரே 'ச'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிரிப்பில் கொட்டில் அதிர்ந்தது. "சேர், இஞ்சை ரெண்டு சீற்றிங்குக்கும் இடம் காணாது" என்றது நடு வாங்கிலிருந்து ஒரு குரல்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சந்தேகப்பட்ட மனிதரிடம் உங்கள் சந்தேகம் பிழை என்று காட்டிப் பாருங்கள்... அதற்குப் பிறகுதான் உண்மையான கோபம் வரும். சேர் நினைத்து வைத்திருந்த சொல் ஈற்றிங். ஆறு எழுத்து. எஸ்ஸைச் சும்மா குழப்புவதற்குப் போட்டாராம். தனக்கே வராத சொல் கடைசி வாங்குக்கு எப்படி வந்தது?

என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். குரலைத் தணித்திருந்தார்.

"உன்ரை போனிலை பாத்து நீதான் சொல்லிக் குடுத்தனி எண்டு சொல்லு. உன்னை வேலையாலை நிப்பாட்டமாட்டன்."

"அப்ப தர்சி?"

"அவள் வேறை இடத்திலை படிக்கட்டும்."

"எனக்கு இங்கிலீசே தெரியாது, சேர்."

"அதைத்தான் நான் நம்பேல்லை."

மழைக் காலம். படுக்க இடம் இருந்தது. யோசிக்காமல் இருந்தேன் என்று சொன்னால் நீங்களும் நம்பமாட்டீர்கள். முன்பக்கம் வந்து தாயிடம் சொன்னேன்: "பிள்ளை தானாத்தான் கண்டுபிடிச்சவள், அம்மா. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அத்தோடு வேலை போனது. கேற்றடியில் சேர் என் பையைத் திறக்கச் சொன்னார். சாரம், துவாய், பிரஷ். மற்றத் தாய்மாரும் கூடி நின்றார்கள். தர்சியின் தாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் கேட்டார்: "அப்ப சேர், ஞாயிறு எத்தினை மணிக்குப் பிள்ளையைக் கொண்டு வாறது?"

அத்தனை பேருக்கு முன்னால் என்ன செய்வார்? "ஏழரைக்கு" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் நடக்கத் தொடங்கினேன்.

மறுநாள் விடிய, கொடிகாமம் சந்தை. மரக்கறி முதலாளி ஒருவர் லொறியில் இருந்து பூசணிக்காய் இறக்க என்னைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு காயையும் தட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறார். என்னை மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எடுத்துவிட்டார் — ஏனாயிருக்கும்?