அண்ணன் ஏற்றும் கல்

அரியலூரில் என் அண்ணன் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். இப்போது நான் மன்னார் வளைகுடாவில், பவளப்பாறை எவ்வளவு சுண்ணாம்பு சேர்த்து வளர்கிறது என்று கடல்நீரைச் சோதித்து அளக்கிறேன். போனில் பேசும்போதெல்லாம், "பவளம் நல்லாருக்கா பாப்பா?" என்பார்.

இந்தக் கோடையில் வீட்டுக்குப் போனபோது, அது வளராமல் கரைகிறது என்றேன்.

"ஏன்?"

"புகை கூடிப்போச்சுண்ணே. கடல் சூடாவுது, புகை கலந்து தண்ணி அமிலமாவுது, அது சுண்ணாம்பைக் கரைக்குது."

"எந்தப் புகை?"

"வண்டிப் புகை, கரண்டு எடுக்குற புகை... சுண்ணாம்புக்கல்லைச் சுடுற புகையும்."

சோறு பிசைந்த கை நின்றது. "நான் ஏத்துற கல்லா?"

உங்களால் மட்டும் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

"லோடு இருக்கு, போயிட்டு வரேன்" என்று பாதிச் சோற்றில் எழுந்தார்.

இப்போதும் போன் செய்கிறார். சாப்பிட்டியா என்கிறார். பவளத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. நானும் சொல்வதில்லை.