வேறு வீட்டுக்குப் பொருந்தாத நாலு வரி

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் வளர்த்தது ஐந்து பேர். வயிற்றில் பிறந்தவர்கள் நால்வர். அவர்களுக்கெல்லாம் முன்னால் இடுப்பில் தூக்கி வளர்த்தது என் தம்பியை. அந்தத் தம்பிக்குத்தான் இந்த முதலாண்டு நினைவு மலர். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். வீட்டில் எனக்கு அவன். நாலு பேர் படிக்கும் மலரில் அவர் என்றே இருக்கட்டும்.

தம்பி பிறந்தது நாங்குநேரிப் பக்கம். அவர் தவழும் முன்பே அம்மா போய்விட்டாள். பம்பாய்த் தாராவியில் தோல் பட்டறை வேலைக்கு வந்திருந்த அப்பா, எங்கள் இருவரையும் இங்கே அழைத்துக்கொண்டார். நான் இரண்டாம் வகுப்போடு நின்றேன், தம்பியை நிற்கவிடவில்லை. எனக்குக் கல்யாணமாகிச் செம்பூர் வந்தபோது அவரும் கூடவே வந்தார். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "பொண்ணு பாக்கவா?" என்று கேட்டால், "நாவல் முடியட்டும்க்கா" என்பார் தம்பி. ஒன்று முடிந்தால் அடுத்தது. மூன்று நாவல்கள் அச்சில் வந்தன. பெண் பார்க்க மட்டும் விடவில்லை.

வேலை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் அருகே ஓர் அச்சகத்தில். கல்யாணப் பத்திரிகையும் இது போன்ற நினைவு மலரும் அடிக்கும் இடம். மலரின் முதல் பக்கத்துக் கவிதைக்கு அங்கே நம்பர் போட்ட மாதிரிகளோடு ஓர் ஆல்பம் உண்டு. துக்க வீட்டார் புரட்டிப் பார்த்து, "நாலாம் நம்பர் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தனையும் தம்பி எழுதியதுதான். நாலாம் நம்பருக்கு மவுசு அதிகம். ஆலமரமாய் நிழல் தந்தாய் என்று தொடங்கும்.

வடாலாவில் ஒரு குடும்பத்தில் அண்ணன் இறந்தபோது நாலாம் நம்பர் போட்டார்கள். அதே வருடம் அவருடைய தம்பியும் இறந்தார். அதற்கும் நாலாம் நம்பர். பதினாறாம் நாள் பந்தியில் மலரைப் பிரித்த ஒருவர், "ஏலே, பெரியவருதான ஆலமரம்? சின்னவருமா? ஒத்த வீட்டுல எத்தன மரம்ல!" என்றார். பந்தி சிரித்தது. இறந்தவரின் மனைவி சிரிக்கவில்லை. மலர் கொண்டுபோன என் தம்பியைக் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்காரரு நாலாம் நம்பரா, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

தம்பி வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றார். அதன்பிறகு அந்த ஆல்பத்தை யாருக்கும் காட்டவில்லை. முதலாளி கத்தினார், தம்பி கேட்கவில்லை. துக்க வீட்டுக்கே போய் உட்கார்ந்து, "அவரு எதுக்குக் கோவப்படுவாரு? கடைசியா என்ன கேட்டுச் சாப்பிட்டாரு?" என்று விசாரித்துத்தான் எழுதுவார். அவருடைய நாவல்களில் ஆட்கள் உயிரோடு நடப்பதாகச் சொல்கிறார்களே, அந்த நடை அங்கே கற்றது.

அப்புறம்தான் இளம்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். தாராவியிலிருந்து, கல்யாணிலிருந்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டால் தம்பி "யாரு?" என்று கேட்கமாட்டார். "என்ன எழுதியிருக்கே?" என்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் ஒருநாள், "பில்தான் எழுதிருக்கேன் அங்கிள்" என்றான்.

கவிதை எழுத வந்தவர்களுக்கு அவர் சொன்னது: "ஒரு வீட்டுக்குன்னு எழுதுன வரி அடுத்த வீட்டுக்கும் பொருந்துச்சுன்னா கிழிச்சுப் போடு." நாவல் எழுத வந்தவர்களுக்கு: "ஆளுக்கு முதல்ல ஒரு வேலையக் குடு. வேலை இல்லாதவன் பக்கம் பக்கமா பெருமூச்சு விடுவான். அழுதான்னு எழுதி நிறுத்தாத, அழுது முடிச்சுட்டு எங்க போனான்னு எழுது." அடுப்படியில் இருந்த எனக்கே இதெல்லாம் மனப்பாடம்.

அந்தப் பிள்ளைகளில் வளர்மதியும் ஒருத்தி. தாராவிப் பெண், வாஷியில் ஆபீஸ் வேலை. ரயிலில் நின்றுகொண்டே போனில் நாவல் எழுதுவாள். தம்பி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவளிடம், "உன் கதையில அந்தப் பொண்ணு வேலைய விட்டாளா இல்லையா?" என்றுதான் கேட்டார். அவள் பதில் எழுதிக் கொண்டுவருவதற்குள் நான் வளர்த்த பிள்ளை போய்விட்டான்.

அதோடு வளர்மதியின் எழுத்து நின்றது. இந்த மலரின் முதல் பக்கத்துக்குக் கவிதை கேட்டோம். எழுதுவாள், கிழிப்பாள். சென்ற மாதம் வந்து கதவைத் தட்டினாள். திறந்தேன், வாசலிலேயே நின்றாள்.

"ஆச்சி, எனக்கு வரல. சிகரம்னு வருது, சூரியன்னு வருது. அண்ணாச்சிக்கே நாலு வரி எழுத முடியலன்னா நான் எதுக்கு எழுதணும்? நாவலையும் விட்டுருதேன்."

"சூரியனா? எட்டு மணிக்கு முன்ன என்னைக்கு எந்திரிச்சான் அவன்? உள்ள வாட்டி."

சிரித்துவிட்டாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. காப்பி கொடுத்தேன். குடித்தாள். வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துத் தட்டி, எனக்கு வாசித்துக் காட்டினாள்:

கதவைத் தட்டினால்
யாரென்று கேட்கமாட்டார்,
என்ன எழுதியிருக்கிறாய் என்பார்.
இன்று தட்டினேன். ஆச்சி திறந்தாள்.

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அதுதான். அடுத்த ஞாயிறே நாவலின் அடுத்த பகுதியோடு வந்துவிட்டாள். கதையில் அந்தப் பெண் வேலையை விடவில்லையாம். வெற்றிலை வாங்கப் போனால் "எழுத்தாளரோட அக்கா வந்துருக்காக" என்று கிங்ஸ் சர்க்கிளில் வழி விடுவார்கள். அந்தப் பெருமையை விட எனக்கு இது பெரிது.

தம்பியை நான்கு மாடி கைகளில் தாங்கி இறக்கிய அண்டை வீட்டார், ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் காவல் இருந்த பிள்ளைகள், கல்யாணிலிருந்து சோறு கொண்டுவந்த சொந்தங்கள், விடுமுறை நாளிலும் வந்து இந்த மலரை அடித்துக் கொடுத்த அச்சகத்துக்காரர்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன். நீங்கள் செய்ததற்கு ஈடாக என்னிடம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், காப்பி உண்டு.

ஏட்டி, எழுதிட்டியா? முதல்லேருந்து வாசி பாப்போம். நான் சொல்லாத பெரிய வார்த்த எதையாவது நீயா சேத்திருந்தேன்னா, அத எடுத்துட்டு வாசி.