புடவைப் பதிவுக்கு வந்த சோதனை

வலைப்பதிவு எழுதுவது சுலபம். எதை எழுத வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு முடிப்பதற்குத்தான் நேரம் போதவில்லை. பதிவெழுதி அடிபட்ட உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

எதைப் படிப்பது?

என்னோடு எம்.ஏ. படிக்கும் ஷாலினி, பதிவைத் திறந்ததும் நேராகக் கீழே போய்ப் பின்னூட்டங்களைத்தான் படிப்பாள். அங்கே பத்துப் பேராவது அடித்துக்கொண்டால்தான் மேலே வந்து பதிவைப் படிப்பாள். பாவம் ஒருத்தர் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியிருப்பாரே என்றேன். "சண்டையே இல்லாத பதிவ நான் எதுக்குடி படிக்கணும்?" என்றாள்.

எதை எழுதுவது?

அக்காவுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க, காலனியிலிருந்து பதினோரு பேர் வேன் வைத்துக்கொண்டு காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக்குப் போனோம். அதைப் பதிவாகப் போட்டேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தறி வீடுகளில் பட்டு நூல் சுற்றியவர். ஒரு புடவையையும் நேராகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். புடவை மலைபோல் குவிந்ததும் கடைக்காரர் கேட்டார்: "யக்கா, நீ பொடவ எடுக்க வந்தியா, கடைய சோதன போட வந்தியா?"

பெரியவர் ஒருவரின் பின்னூட்டம்

'நடை நன்று. ஆனால் காலனியிலிருந்து வரும் நீங்கள் உங்கள் மக்களின் வலியை அல்லவா எழுத வேண்டும், புடவையையா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் வலைப்பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். கொடைக்கானல் போய்ப் பஜ்ஜி தின்றதை நான்கு பாகமாக எழுதியிருக்கிறார். உங்கள் தெருவின் வலியை ஏன் எழுதவில்லை என்று அவரை யாராவது கேட்டார்களா? இதையே பதிலாகப் போட்டேன். அரை மணி நேரத்தில் மறுமொழி வந்தது: "உங்கள் கோபம் அருமை. இதையே ஒரு பதிவாக்கலாமே!"

தொகுப்பாசிரியர்

நல்ல பதிவுகளைச் சேர்த்துப் புத்தகம் போடும் ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தார். என் புடவைப் பதிவையும் சேர்க்கிறாராம். அச்சில் பெயர் வர எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். வகுப்பு முழுக்கச் சொல்லியும் விட்டேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டார். கடையில் நாங்கள் அவமானப்பட்ட இடம் மட்டும் விட்டுப்போயிருக்கிறதாம். அப்படி எதுவும் நடக்கவில்லை, காபி கொடுத்தார்கள் என்றேன். "நடந்திருக்கும்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார்.

அம்மா

யோசித்தேன். அவமானமே பட்டதில்லை என்று சொல்ல வரவில்லை. பட்டிருக்கிறோம், வேறு இடங்களில். அதை எப்போது எழுதுவது என்பது என் முடிவு. ஆனாலும் புத்தக ஆசை விடவில்லை. 'கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். உண்மையில் எத்தனை காபி சொல்வது என்று எங்களை எண்ணிக்கொண்டிருந்தார் அந்த மனுஷர்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டி, தொகுப்பாசிரியர் கேட்டதையும் சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எழவுன்னா மட்டும் ஓடியார சொந்தக்காரன் மாதிரி இருக்குதேடி. கல்யாணத்துக்குக் கூப்ட்டா அந்த சார் வரமாட்டாராமா?"

வரியை அழித்துவிட்டு, பதிவைப் பழையபடியே அனுப்பினேன். புத்தகம் நான் இல்லாமல் வெளிவந்துவிட்டது.

ஆக, எதை எழுதுவது என்று முடிவு செய்யும் உரிமை பதிவர்களாகிய நமக்கு முழுசாக இருக்கிறது, அச்சில் வர ஆசைப்படாத வரைக்கும்.